எஞ்சிய மதிப்பு

தஞ்சோங் பூங்கா, பதினேழாவது மாடி.
மின்தடை ஒன்பது நாள் என்கிறது கோரிக்கைப் படிவம்.
வீட்டுக்காரர் ஊய் அப்போது பெர்த்தில், மகள் வீட்டில்.
வைன் பேழை தன்பாட்டில் அணைந்து
கடல் பார்த்த கண்ணாடிச் சுவரோரம்
அடுப்பாகி நின்றிருக்கிறது.

நான் இழப்பு மதிப்பீட்டாளன்.
போன வாரம் பட்டர்வொர்த்தில் எரிந்த டயர் கிடங்கு,
அதற்கு முன் வெள்ளம் குடித்த முந்நூறு மெத்தை.
இவன் வைன் வகுப்புக்கு மூன்று மாதம் போனவன் என்று
அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.
(போனது, கோமளவாணி போனதால்.
அது இந்தக் கோப்பில் வராது.)

போர்டோவில் ஒரே தோட்டம், ஒரே சரிவு, ஒரே முத்திரை.
ஆண்டுதான் வேறு.
வகைக்கு ஒரு புட்டி திறக்கலாமென்று பேச்சு.
நாலு கோப்பை எடுத்து வைத்தார்.
துப்புவதற்குப் பேத்தியின் கஞ்சிக் கிண்ணம்,
அடியில் ஒரு முயல்.

இரண்டாயிரத்து ஐந்து.
எல்லாரும் மெச்சிய ஆண்டு, விலையும் அப்படி.
தக்கை அரை அங்குலம் எம்பி நின்றது.
முகர்ந்தால்
அடிப்பிடித்த பேரீச்சம்பழப் பாகு.
"செத்துப்போச்சு" என்றார் ஊய், தமிழில்.
லுனாஸில் வளர்ந்தவராம்.

இரண்டாயிரத்து மூன்று
அந்தக் கோடையில் கொடியிலேயே வெந்த பழம்.
வெயில் பழகியது, தாங்கியிருக்கும் என்று
இருவருமே நினைத்தோம்.
சுட்ட அப்பளத்தை
மறுபடி தணலில் காட்டின கதை.

தொண்ணூற்றாறில்
மட்டம் புட்டியின் தோள்வரை இறங்கியிருந்தது.
ஒரு நிமிடம் நாவல்பழம்,
ஈரப் பென்சில் சீவல்.
பிறகு காடி வந்து கதவைச் சாத்தியது.
அந்த ஒரு நிமிடத்தை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

தொண்ணூற்றேழு கடைசி.
தேறாத ஆண்டு என்று பாடத்தில் படித்தேன்.
அந்த ஆண்டு நானும் கணக்கில் தேறவில்லை.
லங்காவியில் சாக்லேட்டோடு சேர்த்து வாங்கினேன்,
சமையலுக்கு, என்று அவர் கூசினார்.

ஊற்றினேன். விளிம்பு செங்கல் நிறம்.
துவர்ப்பு.
பரீட்சையில் இதை டானின் என்றெழுதி மதிப்பெண் வாங்கியவன்;
நாக்கு அதை மதிக்கவில்லை.
மாசிக்காய் என்றது, இல்லை கடுக்காய் என்றது,
நெல்லிக்காய் கடித்துத் தண்ணீர் குடித்தால்
தாமதமாய் வருமே ஒரு தித்திப்பு,
அதைக் கொண்டுவந்து வைத்தது.
இன்னொரு வாய்.
பாலிக் பூலாவ் ஜாதிக்காயின் தோல்.
இன்னொன்று.
முயலுக்கு ஒன்றும் விழவில்லை.

"இதுவும் கெட்டுச்சுன்னு எழுதுங்க"
என்றார் மெல்ல.
"உயிரோட இருக்கே."
"தெரியுது.
நல்லாருக்குன்னு எழுதினாலும்
திறந்த புட்டிய எவன் வாங்குவான்?"

ஒன்பது புட்டி மிச்சம், மூடியபடி.
ஏன் இது மட்டும் பிழைத்தது என்று தெரியவில்லை.
மற்ற ஒன்பதும் பிழைத்தனவா என்பது
திறந்தால் தெரியும்,
தெரிந்தபின் விற்க முடியாது.
என் தொழிலில் இதற்கு விதி இருக்கிறது.
பக்க எண் அப்போது நினைவுக்கு வரவில்லை.

கடலுக்கு அப்பால் ஜெராய் மலை
மேகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது.
எழுதினேன்:
தொண்ணூற்றேழு, பத்துப் புட்டி.
ஒன்பதில் சேதம் காணப்படவில்லை.
ஒன்று, பரிசோதனையில் தீர்ந்தது.

ஊய் கண்ணாடி போட்டுப் படித்தார்,
கையெழுத்திட்டார்,
கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு
கோப்பையை நீட்டினார்.

தீர்ந்தது என்று எழுதியபோது
புட்டியில் பாதிக்குமேல் இருந்தது.
காரை அங்கேயே விட்டுவந்தேன்.
ஆறு மணிக்குள்
அறிக்கை உண்மையாகிவிட்டது.